மூன்றாம் முறையும் ஒத்துக்கொண்டவர்

கண்டி நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஆட்கள் குறைவு. பொலிஸ்காரராக இருந்தாலும் சரி, கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணியாக இருந்தாலும் சரி, பிழையாக நடந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்து ஆள், கொஞ்சம் விசர் பிடித்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டுமே. அதனால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

வழக்கு நடப்பது சிங்களத்தில். தமிழ் மட்டும் தெரிந்தவர் கூண்டில் ஏறினால் நடுவில் நான் நிற்பேன். நீதவான் கேட்பதைத் தமிழில் சொல்வேன், அவர் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன். காலையில் வழக்குகளைக் கூப்பிடுவதற்கு முன் விறாந்தையில் ஒரு நடை நடந்து, அன்றைக்கு எனக்கு யார் யார் வேலை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். யுத்த காலத்தில் அந்த விறாந்தை நிறைய ஹந்தானை, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் செய்த குற்றம் அடையாள அட்டை இல்லாதது. பிறந்த பதிவே இல்லாதவனுக்கு அட்டை எங்கிருந்து வரும்? இதைக் கேட்க நாதியில்லை.

அட்டை இல்லாத தமிழனைச் சோதனைச்சாவடியில் பிடித்தால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, சந்தேகத்தின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போடுவது. அந்த வழியில் போனவர் எப்போது வருவார், வருவாரா என்று யாரிடமும் கேட்க முடியாது. மற்றது, மனம் இரங்கிய பொலிஸ்காரர்கள் சிலர் கண்டுபிடித்த வழி. ஆள் புலி இல்லை, மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன், கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் புருஷன் என்று அவர்களுக்கே விளங்கிவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். மடியில் ஒரு கஞ்சாச் சரை, சின்னக் கடதாசிப் பொட்டலம், இருந்தது என்று எழுதிவிடுவார்கள். பிடித்த ஆளைச் சும்மா விட அவர்களுக்கும் அதிகாரமில்லை, புத்தகத்தில் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்? மறுநாள் நீதிமன்றம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதம், மத்தியான பஸ்ஸில் வீடு. இதைச் சலுகை என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது அப்படிப் பிடிபட்ட ஒருவரைப் பற்றி. கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கிட்ட ஒரு மொத்த வியாபாரக் கடையில் அவர் நாட்டாமை. லொறியில் வருகிற மூட்டைகளை இறக்கி ஏற்றுகிற ஆட்களை எங்கள் ஊர்க் கடைகளில் அப்படித்தான் சொல்வோம். பெண்சாதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஹுன்னஸ்கிரியவில், தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பரா அறை ஒன்றில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சீனி, கருவாடு, பிள்ளைகளுக்கு ஏதாவது இனிப்பு என்று கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். அரிசி வாங்கப் போனால் என்னைக் கண்டதும் தோளில் கிடக்கிற சாக்கை இறக்கிவிட்டுக் கும்பிடுவார். "உந்தக் கும்பிடை விடும், மூட்டையைப் பாரும்" என்று நான் சத்தம் போடுவேன். அடுத்த முறையும் கும்பிடுவார்.

முதல் தரம் அவரைப் பாலத்தடியில் பிடித்தார்கள். மறுநாள் காலையில் நீதிமன்ற விறாந்தையில் கைவிலங்கோடு குந்திக்கொண்டிருந்தார். கூட்டி வந்த பொலிஸ் சார்ஜன் எனக்குத் தெரிந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். ஆள் அப்பாவி, கஞ்சாவென்று எழுதியிருக்கிறேன், ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் மாத்தயா என்று என் காதோடு சிங்களத்தில் சொன்னார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீதவான் கேட்டா ஓம், குற்றவாளிதான் எண்டு சொல்லும். காசைக் கட்டிப்போட்டு வீட்டை போம்."

"ஐயா, நான் பீடி கூட குடிக்கிறதில்லீங்க. கஞ்சாங்கிறது எப்படி இருக்கும்னே தெரியாதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பீடி குடிக்காத உத்தமராய் எத்தினை வருஷம் உள்ளுக்க கிடக்கப்போறீர்? அவங்கள் மற்றச் சட்டத்தில போட்டா உம்மட பெண்சாதி உம்மை எங்க தேடுவா? சொன்னதைக் கேளும்!"

பிறகு தலையை ஆட்டினார். கூண்டில் ஏறிக் குற்றவாளி என்றார், நான் சிங்களத்தில் சொன்னேன், கடை முதலாளியான முஸ்லிம் நாநா அபராதத்தைக் கட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையப் போஞ்சிக்காயோடு என் வீட்டு வாசலில் நின்றார். லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் பெண்சாதி போட்ட தோட்டத்தில் பிடுங்கியதாம். வேண்டாம் என்று கத்தியும் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் தரம், டவுனில் குண்டு வெடித்து ஊரே அல்லோலகல்லோலப்பட்ட சமயம். கண்ணில் பட்ட தமிழரையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். அதே சார்ஜன், அதே சரை, அதே விறாந்தை. இந்த முறை நான் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. தூரத்தில் நின்று கண்ணைக் காட்டினேன், அவர் விளங்கிக்கொண்டு தலையசைத்தார். அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்? எத்தனை பேரை இப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பெண்சாதியிடம் பீற்றிக்கொண்டேன்.

அடையாள அட்டைக்கும் அவர் விடாமல் அலைந்தார். தோட்டத்து ஒபீஸ், கிராம சேவகர், கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகம் என்று வேலையில்லாத நாளெல்லாம் நடந்தார். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

இந்தக் காலத்தில்தான் தூள், அதுதான் ஹெரோயின், வந்து ஊரைப் பிடித்தது. எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டு அம்மாவின் ஒரே மகன். படிக்கிற காலத்தில் எனக்குக் குட்மோர்னிங் சொல்லிப் போன பிள்ளை, தாயின் குசினிப் பானை சட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டுபோய் விற்றான். கட்டில் காலோடு சங்கிலி போட்டு வைத்துவிட்டு அந்த அம்மா வாசலில் இருந்து அழுவாள். விற்கிறவனைப் பிடிப்பார்கள், அவன் அபராதம் கட்டிவிட்டு அடுத்த நாளே சந்தியில் நிற்பான். பற்றி எரியாதா வயிறு? அந்த அம்மா ஒரு மனுவை எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவனை அபராதத்தோடு விடாதே, உள்ளே போடு என்று மனு. பன்சாலைப் பிக்குவும் கையெழுத்து வைத்தார், பள்ளிவாசல் ஆட்களும் வைத்தார்கள், பாதிரியாரும் வைத்தார். நான் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். "உவங்களை உப்பிடித்தான் செய்யோணும்" என்று வேறு சொன்னேன். அந்த அம்மாவை இன்றைக்கும் நான் பிழை சொல்ல மாட்டேன்.

இப்படி ஊருக்கு ஊர் கேட்டார்கள் போலிருக்கிறது. சட்டத்தை இறுக்கினார்கள். போதைப்பொருள் வழக்கில் முன்பு இரண்டு தரம் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் மூன்றாம் தரமும் வந்தால் அபராதம் என்ற பேச்சே இல்லை, கட்டாயம் கடூழியச் சிறை. தூளா கஞ்சாவா, மூட்டையா சரையா என்ற வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை. சுற்றறிக்கை வந்த அன்று அதைத் தமிழில் எழுதி விறாந்தைச் சுவரில் ஒட்டியவன் நான்தான். ஒட்டும்போது எதிர்வீட்டுச் சங்கிலிதான் என் நினைவில் இருந்தது. என் சொல்லைக் கேட்டு ஒத்துக்கொண்ட ஒரு முகமாவது நினைவுக்கு வந்ததா? சீ, வரவில்லை.

கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மற்ற நீதிமன்ற அறையில் ஒரு வெட்டுக்குத்து வழக்கில் மாட்டிக்கொண்டேன். விறாந்தைப் பக்கம் போகவே முடியவில்லை. அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வந்து, நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் கூண்டில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் நின்ற சார்ஜனும் சிரித்தார். நேற்று செக்பொயின்டில் பிடித்தோம், இந்த முறை அவரே கேட்டார் மாத்தயா, கஞ்சாக் கேஸையே போட்டுவிடுங்கள் என்றார், அப்படியே எழுதிவிட்டேன் என்று கடந்து போகும்போது சொன்னார். புதுச் சட்டம் அவருக்கும் நினைவில்லை.

நடந்தது இதுதான். அவருடைய மூத்த மகள் பெரிய பிள்ளையாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வார்ப்புச் சடங்கு. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, மகளுக்குச் சேலையும் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை பஸ் ஏறியவரைத்தான் மறித்திருக்கிறார்கள். அட்டை கேட்டார்கள். அட்டை வந்துவிட்டது, ஒரு மாதமாகிறது. ஆனால் மூட்டை சுமக்கிற வேலையில் வியர்வையில் நனைந்துவிடும், எங்காவது விழுந்துவிடும் என்று பயந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி லயத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அத்தனை வருஷம் அலைந்து வாங்கிய சாமானை யார்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்? விசாரித்து முடியும்வரை அடைத்து வைப்போம் என்றிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்று, தனக்குத் தெரிந்த குறுக்கு வழியைக் கேட்டிருக்கிறார். அந்த வழியைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

வழக்குக் கோவையை என்னிடம் நீட்டினார்கள். மேலேயே பழைய தீர்ப்புகள் இரண்டையும் கோத்திருந்தார்கள். நீதவான் குற்றப்பத்திரத்தை வாசித்தார். நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இல்லை என்று சொல்லும் தம்பி என்று இடையில் ஒரு வார்த்தையைச் செருகியிருக்கலாம். முன்வரிசையில் தமிழ் தெரிந்த சட்டத்தரணிகள் இரண்டு பேர் இருந்தார்கள். எழுதியிருந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். ஒத்துக்கொள்கிறீரா என்று கேட்டு நான் வாயை மூடுவதற்கு முன்னமே அவர் பதில் சொல்லிவிட்டார்.

"ஆமாங்க, குத்தவாளிதாங்க."

நான் சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பக்கத்தைப் புரட்டினார், பழைய தீர்ப்புகளைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பதிவுகளைச் சரிபார்த்து இரண்டு கிழமையில் தண்டனை, அதுவரை மறியல் சிறை, பிணையில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"எவ்வளவுங்க கட்டணும் ஐயா? ஞாயித்துக்கிழம மகளுக்குத் தண்ணி ஊத்துறோம்ங்க."

கடவுளே! காவலர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அவருடைய பெண்சாதி விசாரித்து விசாரித்து என் வீட்டுக்கு வந்தாள். காலில் செருப்பில்லை. கதிரையில் இரும் என்று சொல்லியும் இருக்கவில்லை. மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கார்டு கொண்டாந்துட்டேங்க. கார்டு இல்லாமத்தானே புடிச்சாங்க? இத காட்டுனா விட்டுருவாங்கள்ல?"

"பிள்ளைக்குத் தண்ணி வாத்தாச்சோ?" என்று என் பெண்சாதி கேட்டாள்.

"இல்லீங்கம்மா. மூலையில சேலையைக் கட்டி மறைச்சு அப்படியே குந்த வச்சிருக்கோம். அப்பா வந்துதான் ஊத்தணும்னு அது அழுவுதுங்க. பள்ளிக்கூடமும் போகல. இன்னும் எத்தன நாளைக்குங்க ஐயா?"

நான் என்னவோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். அடுத்த நாளே எனக்குப் பழக்கமான ஒரு சிங்களச் சட்டத்தரணியிடம் போனேன். வயதானவர், நேர்மையானவர். முழுவதையும் கேட்டுவிட்டு, தண்டனை சொல்வதற்கு முன் ஒப்புதலை மீளப் பெறலாம், ஆனால் அது பொய் ஒப்புதல் என்று யாராவது சத்தியம் செய்ய வேண்டும் என்றார். நான் செய்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சந்தேகத்தில் பிடிபட்ட தமிழர்களைக் கஞ்சா வழக்கில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்த தமிழ் உத்தியோகத்தர் என்று நீங்களே சொல்லப்போகிறீர்கள், அதற்குப் பிறகு உங்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று தெரியும்தானே என்றார். அவர் பயமுறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னார்.

வீட்டில் பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு விசரே? அந்த மனுசனை வெளியில எடுக்கப்போய் நீங்கள் உள்ளுக்க போனா எங்களை ஆர் பாக்கிறது?" நான் எரிந்து விழுந்தேன். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, மேசையில் இருந்து எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதினேன். இரண்டு தரமும் நான் சொல்லித்தான் ஒத்துக்கொண்டார், மூன்றாம் தரமும் அதே பழக்கத்தில் சொன்னார், மனிதர் ஒரு பாவமும் அறியாதவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தண்டனை நாள் வந்தது. நீதவான் ஆசனத்துக்கு வருவதற்கு முன் அறைக்குள் போய்க் கடிதத்தைக் கொடுப்பதாகத்தான் எண்ணம். அறை வாசலில் சிவில் உடுப்பில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இரகசியப் பொலிஸோ யாரோ தெரியாது. யாருக்காவது காத்திருந்த அப்பாவியாகவும் இருக்கலாம். நான் கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். முதலில் வழக்கைக் கூப்பிடட்டும், கூப்பிட்டதும் எழுந்து கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொன்னேன்.

கூப்பிட்டார்கள். அவர் மெலிந்திருந்தார். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மறியலில் யாரோ அவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயமில்லாமல், நின்று நிதானமாகப் பேசினார்.

"தொரை, நான் கஞ்சாவ கண்ணால கூட கண்டதில்லீங்க. மூணு தரமும் கார்டு இல்லாமத்தான் புடிச்சாங்க. ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்னு இந்தா நிக்கிறாரே, இந்த ஐயாதான் சொல்லிக் குடுத்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க. என்னைய காப்பாத்தத்தான் சொன்னாரு. நான் பொய் சொல்றேன்னு நெனைச்சீங்கன்னா ஐயாவையே கேளுங்க. அவர் உள்ளத உள்ளபடி சொல்லுவாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நீதவானும் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முன்வரிசையில் தமிழ் தெரிந்த சட்டத்தரணி ஒருவர்கூட இல்லை. சிவில் உடுப்புக்காரர் உள்ளே வந்து பின்வாங்கில் இருந்தார். பெண்சாதியின் முகம் வந்தது, என் பிள்ளைகளின் முகம் வந்தது. அந்த மூலையில் குந்தியிருந்த பிள்ளையும் வந்தாள், பொய் சொல்லக்கூடாது, அவளும் வந்தாள்.

மன்னிப்புக் கேட்கிறார், இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், இனிமேல் செய்ய மாட்டாராம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா என்று நீதவான் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையில் இன்னொரு வார்த்தையை எதிர்பார்த்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான் கனம் நீதவான் அவர்களே என்றேன். சட்டம் கையைக் கட்டியிருக்கிறது, குறைந்தபட்சத்தைத்தான் விதிக்கிறேன் என்று சொல்லி, இரண்டு வருடக் கடூழியச் சிறை என்றார். அதை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

காவலர் அவரைக் கூண்டிலிருந்து இறக்கினார். என் மேசையைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்றார்.

"நான் சொன்னத தொரைகிட்ட முழுசா சொன்னீங்களாங்க ஐயா?"

"ஓம் தம்பி. முழுக்கச் சொன்னனான்."

"அப்ப என்னங்க செய்யிறது? நீங்க சொல்லியும் அவரு நம்பலையே" என்று சொல்லி, விலங்கு போட்ட இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.